பட்டியலில் ஏறாத நீர்: எண்ணூர்க் கழிமுகத்தில் பாதிப்புக் கணக்கெடுக்கும் தொழில்

வளர்ச்சித் திட்டம் ஒன்றால் வீட்டையோ பிழைப்பையோ இழப்பவர்கள் யார், அவர்கள் இழந்தது என்ன, அந்த இழப்புக்குக் காட்டக்கூடிய சான்று எது என்பவற்றைக் குப்பம் குப்பமாகச் சென்று கேட்டெழுதி, அக்குறிப்புகளை மனுவாகவும் ஆட்சேபணையாகவும் வழக்குக் கோப்பாகவும் ஆக்கித் தரும் களப்பணி, இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலோரத்தில் தனியொரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. இதைச் செய்வோரில் சூழலியல் அமைப்புகளின் ஊழியர்களும் உண்டு, வழக்கறிஞர்களுக்கு உதவியாளராக இருப்போரும் உண்டு, அதே குப்பத்தில் பிறந்து படித்து ஊர் நிர்வாகிகளுக்கு எழுத்து வேலை பார்க்கும் இளைஞர்களும் உண்டு. இவர்களின் உழைப்பெல்லாம் இறுதியில் ஒரு பட்டியலில் போய் முடிகிறது. பாதிப்புப் பட்டியல் எனப்படும் அந்த ஆவணத்தில் பெயர் ஏறியவருக்கே இழப்பீடு கேட்கவும் மறுவாழ்வு கேட்கவும் வழி பிறக்கிறது. ஏறாதவருக்கு அரசியலமைப்பும் அனைத்துலக உடன்படிக்கைகளும் எத்தனை உரிமைகளை வழங்கியிருந்தாலும் அவை வட்டாட்சியர் அலுவலக வாசலைத் தாண்டுவதில்லை. எனவே, பட்டியலை எந்தக் கேள்விகளைக் கொண்டு நிரப்புவது என்பதே இத்தொழிலில் பிற அனைத்தையும் முடிவு செய்கிறது.

வழக்கமான கணக்கெடுப்புப் படிவம் வீட்டிலிருந்து தொடங்குகிறது. கதவு எண், பட்டா உண்டா இல்லையா, கூரை ஓடா தளமா, குடும்ப அட்டையில் எத்தனை பேர் என்று அது வரிசையாகக் கேட்கும். புல்டோசர் வந்து வீட்டை இடிக்கும் இடப்பெயர்வுக்கு இந்தப் படிவம் ஓரளவு பொருந்தும். நீர்நிலைக் கரையோரக் குடியிருப்புகளிலிருந்து பெயர்க்கப்பட்டு நகரின் மறுகோடியில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களின் இழப்பில் ஒரு பகுதியையேனும் அதனால் பதிவு செய்ய முடியும். எண்ணூரில் நடந்ததும் நடப்பதும் பெரும்பாலும் வேறு வகை. காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் சிவன்படைவீதிக் குப்பத்திலும் வீடுகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, குடும்ப அட்டையில் முகவரி மாறவில்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் அப்படியே இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கித் தொழில் செய்த கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம் மட்டும் அவர்களிடமிருந்து சிறிது சிறிதாகப் பிடுங்கப்பட்டிருக்கிறது. வீட்டை அடிப்படையாகக் கொண்ட படிவத்தில் இத்தகையவர்கள் பாதிக்கப்படாதவர்களாகவே பதிவாகிறார்கள்.

இப்படிப் பிடுங்கப்படுவது வடசென்னையில் நீண்ட வரலாறு கொண்டது. 1870களின் பிற்பாதியில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகர்ந்துகொண்டிருந்த மணலை மறித்தன. தெற்கே மெரினா கடற்கரை அகன்றது, வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் ஊரைத் தின்றது. கடல் கொண்டுபோன தெருக்களுக்கு நில எடுப்பு அறிவிக்கை எதுவும் வெளியாகவில்லை, யாரும் அவற்றைக் கையகப்படுத்தவில்லை, எனவே துறைமுகத்தால் இடம்பெயர்ந்தோர் என்று எந்தக் கணக்கிலும் அந்தக் குடும்பங்கள் சேரவில்லை. ஒரு கட்டுமானம் ஓரிடத்தில் எழ, அதன் விளைவு வேறோரிடத்தில் பல ஆண்டுகள் கழித்துத் தெரியவரும் இந்த முறைதான் எண்ணூரிலும் தொடர்ந்தது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களின் நடுவில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் இப்போது காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகம், 2012 முதல் வல்லூர் அனல்மின் நிலையம், அதையொட்டிய ஆண்டுகளில் காட்டுப்பள்ளித் துறைமுகம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை அனைத்தும் ஒரே கழிமுகத்தைச் சுற்றி அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி கிடைத்தது. ஆறு மட்டும் அவற்றின் விளைவுகளை மொத்தமாகத் தாங்க வேண்டியிருந்தது.

சட்டத்தின் நிலையை இவ்விடத்தில் விளக்குவது தேவையாகிறது. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமையோ பங்கோ கோரக்கூடியோரை மட்டுமே அறிந்திருந்தது. அதற்கு மாற்றாக 2014 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்கு வகுத்த வரையறையில், காடுகளையோ நீர்நிலைகளையோ நம்பி வாழும் குடும்பங்களையும் சேர்த்து, மீனவர்களையும் படகோட்டிகளையும் வெளிப்படையாகவே குறிப்பிட்டது. படிக்கும்போது மனம் மகிழும் இந்த வரையறையில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன: நில எடுப்புக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அந்த நீர்நிலையே முதன்மைப் பிழைப்பாக இருந்திருக்க வேண்டும், நிலம் எடுக்கப்பட்டதாலேயே அந்தப் பிழைப்பு பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். எண்ணூரில் இரண்டாம் நிபந்தனை பெருந்தடையாகிறது. கிராமத்தின் நிலங்களைப் புல எண்வாரியாகக் காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடான 'அ' பதிவேட்டைப் புரட்டினால், ஆறும் ஓடையும் சதுப்பும் புறம்போக்கு என்றே எழுதப்பட்டிருக்கும். உப்பளங்களில் கணிசமானவை மத்திய அரசின் உப்புத் துறைக்கு உரியவை. அரசு தன் நிலத்தைத் தன் நிறுவனத்துக்கே மாற்றித் தரும்போது நில எடுப்பு என்ற நிகழ்வே நடப்பதில்லை. எடுப்பு நடக்காத இடத்தில், எடுப்பால் பாதிக்கப்பட்டவர் என்று எவரும் இருக்க முடியாது என்பது அலுவலகத் தருக்கம்.

தமிழ்நாட்டில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. தொழில்களுக்காக நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு, 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து 105-அ என்ற பிரிவின் வழியாக விலக்கு அளிக்கப்பட்டது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் செல்லாததாக்க, அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றி அம்மூன்றையும் மீட்டுக்கொள்ள, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இழப்பீடு, மறுவாழ்வு தொடர்பான அட்டவணைகள் இச்சட்டங்களுக்கும் பொருந்தும் என்றாலும், திட்டம் தொடங்கும் முன்னரே யார் யார் வாழ்வு எவ்வெவ்வாறு குலையும் என்று ஊரிலேயே இருந்து ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீடு இவற்றின்கீழ்க் கட்டாயமில்லாமல் போயிற்று. அந்த ஆய்வு இருந்திருந்தால் அரசே செய்திருக்க வேண்டிய வேலையைத்தான் களப்பணியாளர்கள் இன்று கையில் நோட்டுப் புத்தகத்துடன் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மனித உரிமைச் சட்டம் இதைவிட விரிந்த பார்வை உடையது. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. வளர்ச்சித் திட்டங்களுக்காக நடக்கும் வெளியேற்றம் குறித்து, வீட்டுரிமைக்கான ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளராக இருந்த மிலூன் கோத்தாரி 2007இல் முன்வைத்த வழிகாட்டு நெறிகள், கட்டாய வெளியேற்றம் என்பதை வீட்டோடும் நிலத்தோடும் நிறுத்தாமல், மக்கள் சார்ந்து வாழும் பொதுச் சொத்து வளங்களிலிருந்து அவர்களை விலக்குவதையும் அதனுள் அடக்குகின்றன. இடம்பெயர்க்கப்பட்டோர் வறுமையில் வீழும் வழிகளை எட்டாக வகுத்த சமூகவியலாளர் மைக்கேல் செர்னியாவும், நிலமிழப்பு, வேலையிழப்பு, வீடிழப்பு, நோய், உணவுப் பற்றாக்குறை முதலியவற்றோடு பொதுவளங்களை அணுக முடியாமற்போவதையும் தனியொரு இடராகவே வைத்தார். எண்ணூரைப் பொறுத்தவரை அந்த எட்டில் இந்த ஒன்றே முதற்காரணம், ஏனையவை பெரும்பாலும் அதன் பின்விளைவுகள் என்பது அங்கே கணக்கெடுத்தோரின் துணிபு. ஆகவே அங்கே எழுதப்படும் பட்டியல், இந்த நீரில் யாருக்கு எந்த நேரத்தில் எந்த உரிமை இருந்தது என்ற கேள்வியிலிருந்தே தொடங்கியாக வேண்டும். வீட்டைப் பற்றிய கேள்விகள் அதன்பின் வரலாம்.

அந்தக் கேள்விக்கு விடை எழுதுவது எளிதன்று. கழிமுகத்தில் மீன்பிடிப்பு பாடு என்னும் முறையில் ஒழுங்குபடுத்தப்பட்டு வந்தது. நல்ல விளைச்சல் தரும் துறைகளை ஊர்களும் ஊருக்குள் குடும்பங்களும் முறைவைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. எவருக்கும் பட்டா கிடையாது, எவரும் வேலி போட்டதில்லை, எனினும் எந்த நாளில் எந்த இடம் யாருடையது என்பதில் குழப்பம் இருந்ததில்லை, மீறினால் ஊர்க்கூட்டம் தண்டம் விதித்தது. இந்த வரிசையை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, கடற்கரை மணலிலோ கணக்கு நோட்டின் தாளிலோ ஆற்றை வரையச் சொல்லி, ஒவ்வொரு துறைக்கும் அவர்கள் இட்ட பெயரை எழுதி, அங்கே எந்த மாதத்தில் வெள்ளை இறால், எந்த மாதத்தில் மடவை, எங்கே நண்டு, எங்கே மட்டி என்று குறித்து, அந்த இடங்களுக்கு மீண்டும் படகில் போய் ஆயத்தொலைவு பதிவு செய்து வரும்போதுதான், வருவாய்த்துறை வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கும் நீர்ப்பரப்பு, உரிமைகள் நெருக்கமாகப் பின்னப்பட்ட இடம் என்பது தாளில் தெரியவருகிறது. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மீனவர் ஊர்களையும் அவர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்களையும் கடலோர மேலாண்மைத் திட்டத்தில் குறிக்க வேண்டும் என்று பணித்தது. ஊரார் வரைந்த படம் அந்த விதிக்கு இணங்க அளிக்கப்படும் ஆவணமாகவே சேர்க்கப்பட்டது. 1996இல் ஒப்புதல் பெற்ற திட்டப் படத்தில் காட்டப்பட்டிருந்த எண்ணூர்க் கழிமுகம் பின்னாளில் புழக்கத்துக்கு வந்த வேறொரு படத்தில் இல்லாமற்போனதை மீனவர்களும் சூழலியல் செயற்பாட்டாளர்களும் வெளிக்கொண்டு வந்த பிறகு, சொந்தப் படம் வைத்திருப்பதன் அவசியத்தை எந்த ஊருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படகும் வலையும் இல்லாதவர்களைப் பட்டியலில் சேர்ப்பது இன்னும் கடினம். கழிமுகத்தின் ஆழமற்ற பகுதிகளில், பெண்களும் இருளர் குடும்பத்தினரும் முழங்காலிட்டோ குனிந்தோ நீருக்குள் இரு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்ந்து, கையில் தட்டும் இறாலைப் பிடித்து, வாயில் கவ்வியிருக்கும் பறி என்ற ஓலைக்கூடையில் போட்டுக்கொண்டு, வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கும் வரை மணிக்கணக்கில் நீரிலேயே இருப்பார்கள். கைகள் இரண்டும் சேற்றில் வேலையாக இருக்க, கூடையின் விளிம்பைப் பல்லால் பிடித்தபடி கழுத்தளவு நீரிலும் நகர்ந்து செல்லும் இந்தத் தொழிலுக்கு உரிமம் இல்லை, படகுப் பதிவு எண் இல்லை. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை இல்லாதோரும் இவர்களில் பலர். கணக்கெடுக்க வருபவர் வாசலில் நின்று, "அம்மா, என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால், "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்றே பெரும்பாலும் பதில் வருகிறது, படிவத்தில் இல்லத்தரசி என்று ஏறிவிடுகிறது. "நேத்து தண்ணி வத்தினப்போ எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டுப் பழகியவர்களின் நோட்டில் அதே பெண்மணி இறால் தடவுபவராகவோ, விடியலில் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் கூவி விற்பவராகவோ, கருவாடு காய வைப்பவராகவோ ஏறுகிறார்.

ஆற்றின் இழப்பை அளப்பதிலும் இத்தகைய நுணுக்கம் வேண்டியிருக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியின் சாம்பல் நீரோடு கலந்த குழம்பாகக் குழாய் வழியே செப்பாக்கத்திலுள்ள சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் உடைந்த இடங்களில் அந்தக் குழம்பு ஆற்றில் இறங்கி அடியில் படிந்தது. சுழலிகளிலிருந்து வரும் நீராவியைக் குளிர்வித்த வெந்நீர் ஒருபுறம், மின்கோபுர அடித்தளங்களுக்காகக் கொட்டப்பட்ட மண் மறுபுறம் என நீரோட்டம் குறுகியது. துடுப்புக் கழியை ஊன்றிய இடத்தில் முன்பு எவ்வளவு ஆழம், இப்போது எவ்வளவு, கால் வைத்தால் சேறா சாம்பலா என்பதை மீனவர்கள் தடுமாறாமல் சொல்கிறார்கள், அந்தச் சொல்லைக் கழியில் அடையாளமிட்டு அளந்து தேதியோடு எழுதி வைப்பது களப்பணியாளரின் வேலை. கடந்த சில ஆண்டுகளில் காக்கா ஆழி என்று மீனவர் அழைக்கும் தென்னமெரிக்க மட்டியினம் படுகை முழுவதும் பாய் விரித்தாற்போல் பரவி, இறாலுக்கும் உள்ளூர் மட்டிக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவந்து கொட்டும் நீரோடு இது வந்திருக்க வேண்டும் என்ற கருத்து வலுவாக உள்ளது. காட்டுக்குப்பம் மீனவர் தரப்பிலிருந்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சென்ற வழக்கில், ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி சாந்தா ஷீலா நாயர் தலைமையிலான நிபுணர் குழு கழிமுகத்தின் நிலையை ஆராய்ந்தது. 2022 ஜூலையில் தீர்ப்பாயம் சாம்பல் கழிவால் ஆறு கெட்டதை ஏற்று, மின் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, அதைச் சீர்செய்யப் பணித்தது. பல்லாண்டுகளாக ஊரார் எடுத்து வைத்த நிழற்படங்களும் குறிப்புகளும் பயன்பட்ட வெற்றி அது என்பதில் ஐயமில்லை.

விபத்துகள் வரும்போது பட்டியலின் குறைபாடு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. 2017 ஜனவரி 28இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தை மூடியது. அந்த மாதம் முடிவதற்குள் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓட நேர்ந்தது. எண்ணெய்க் கசிவுக்காக மாநில அரசு அறிவித்த நிவாரணம் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என மூன்று தலைப்புகளில் அமைந்து, மொத்தம் 8.68 கோடி ரூபாயாயிற்று. விரைவாகவே அறிவிக்கப்பட்ட உதவி இது, அதைக் குறைத்துச் சொல்லும் நோக்கமில்லை. எனினும் குடும்பமும் படகும் தலைப்புகளாயின. இறால் தடவுவோருக்கென்றோ மீன் விற்கும் பெண்ணுக்கென்றோ தனித்தலைப்பு அமையவில்லை. ஒருமுறை வழங்கும் நிவாரணத் தொகைக்கும், ஆறு மீண்டும் விளைய எத்தனை ஆண்டு ஆகுமோ அத்தனை ஆண்டின் வருமானத்தை ஈடுசெய்யும் இழப்பீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனுக்களில் ஒவ்வொரு முறையும் தனிப் பத்தியாக எழுத வேண்டியிருக்கிறது.

பணத்துக்கு மாற்றாக வேலை தருவதாகச் சொல்லும் ஏற்பாடும் இப்பகுதியில் பழக்கமானதே. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது கடலோரத்திலிருந்து இடம் மாற்றப்பட்ட காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள், வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலை என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாகவும், கிடைத்தவை ஒப்பந்த வேலைகளே என்றும் கூறிப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். இத்தகைய வாக்குறுதிகள் அமைதிப் பேச்சுக் கூட்டத்தில் வாயால் சொல்லப்படுகின்றன, கூட்டக் குறிப்பில் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதப்படுகின்றன. கையொப்பமிடும் முன் அந்தக் குறிப்பை உரக்கப் படிக்கச் சொல்லி, யாருக்கு, எந்தப் பணி, எந்த ஊதிய நிலை, எந்தத் தேதிக்குள் என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதை ஊர் நிர்வாகிகளுக்குப் பழக்குவது, நீதிமன்றத்தில் நல்ல வழக்கறிஞரை அமர்த்துவதற்கு நிகரான பயன் தருவது.

செப்பாக்கத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. சாம்பல் குளத்தை ஒட்டிக் கிடக்கும் அந்தச் சிற்றூர் மக்கள் தங்களை வேறிடத்தில் குடியமர்த்துமாறு நீண்ட காலமாகக் கேட்டு வருகிறார்கள். காற்றடிக்கும் மாதங்களில் சோற்றுப் பானையிலும் உலர்த்திய துணியிலும் சாம்பல் படியும் ஊரில், இருக்கும் உரிமையைப் போலவே தகுந்த மாற்றிடத்தோடு வெளியேறும் உரிமையும் கோரப்பட வேண்டியதாகிறது. இடப்பெயர்வை எதிர்ப்பது மட்டுமே மனித உரிமைப் பணி என்று எண்ணி வருவோர் செப்பாக்கத்தில் ஒரு நாள் இருந்து பார்ப்பது நல்லது.

இவ்வளவையும் எழுதி முடித்த பின் அவற்றைச் சேர்க்க வேண்டிய இடங்களில் முதன்மையானது பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதியின் தலைமையில் நடத்த வேண்டிய இந்தக் கூட்டத்துக்கு, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம், ஆனால் குறைந்தபட்சம் இத்தனை பேர் வரவேண்டும் என்ற விதி கிடையாது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்காக 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கூட்டங்கள் எதிர்ப்பின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டன. எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கான கூட்டம் 2024 டிசம்பரில் நடந்தது. 30 நாளுக்குள் நூற்றுக்கணக்கான பக்கமுள்ள ஆங்கில அறிக்கையைப் படித்து, அதில் மீன்பிடிப்பு பற்றிய பகுதியைக் கண்டுபிடித்து, ஊரின் படத்தோடும் பருவக் குறிப்போடும் ஒப்பிட்டு, விடுபட்டவற்றைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு மனுவுக்கும் வாரிய அலுவலகத்தில் நாள் முத்திரையோடு ஒப்புகை பெற வேண்டும். மேடையில் எத்தனை பேர் முழங்கினாலும் பின்னாளில் தீர்ப்பாயம் கேட்பது அந்த ஒப்புகைத் தாளைத்தான். கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பின் சுருக்கத்தை வந்திருப்போருக்கு அவர்கள் மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும் என்றும் அதே அறிவிக்கை கூறுகிறது. கூச்சலும் வாக்குவாதமும் ஓய்ந்து, பந்தலில் பாதி நாற்காலிகள் காலியாகி, மக்கள் மாலை ஏற்றத்துக்கு வலை எடுக்கக் கிளம்பிவிடும் நேரத்தில்தான் அந்தப் படிப்பு நடக்கிறது. எனவே ஒவ்வொரு குப்பத்திலிருந்தும் வாசிக்கத் தெரிந்த இருவரை, அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கும்படி, கடைசி வரி படிக்கப்படும் வரை முன்வரிசையில் அமர்த்தி, தங்கள் ஊர் எழுப்பிய கேள்வி குறிப்பில் இல்லையென்றால் அங்கேயே எழுந்து அதைச் சேர்க்கச் சொல்ல வைப்பது இப்போது எண்ணூர்க் களப்பணியில் நிலையான வழக்கமாகியிருக்கிறது.